ஜாஸிடம் மெட்டல் வாங்கியதும் வாங்காமல் விட்டதும்

என் தங்கை மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கித்தார் வாசிப்பான். அவனும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து 'புரோகிரஸிவ் மெட்டல்' எனப்படும் இசையை வாசிக்கும் குழு ஒன்றை நடத்துகிறார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், தன் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, "இதுல ஜாஸ் இருக்கு மாமா, கேளுங்க" என்றான். இடி இடிப்பது போன்ற டிரம்ஸ், கரகரத்த கித்தார், நடுவில் எல்லாம் சட்டென்று அடங்கி, கனவில் கேட்பது போன்ற மென்மையான ஸ்வரக்கூட்டுகள், பிறகு மீண்டும் இடி. அந்த மென்மையான அரை நிமிடத்தைத்தான் அவன் ஜாஸ் என்றான்.

சிறுவயதில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவன் நான். பின்னர் ஜாஸ் கேட்கத் தொடங்கி, அதன் வழியாக எழுபதுகளின் ஆங்கில ராக் இசைக்கு வந்து சேர்ந்தேன். எனவே அவன் சொன்னதை மறுக்கவில்லை. அதில் ஜாஸ் இருக்கிறது. ஆனால், ஜாஸின் எந்தப் பகுதி இருக்கிறது என்று அவனிடம் விளக்க முயன்றபோதுதான், இந்த உறவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை எவ்வளவு குறைபட்டது என்பது எனக்கே புரிந்தது.

'புரோகிரஸிவ்' என்பதை 'முற்போக்கு' என்று மொழிபெயர்த்தால் தமிழில் அரசியல் வாடை வந்துவிடும். எனவே புரோக் ராக் என்றே எழுதுகிறேன். 1960களின் இறுதியில் பிரிட்டனில் மூன்று நிமிடப் பாடல் என்ற எல்லையை உடைத்துக்கொண்டு, நீண்ட, பல பகுதிகள் கொண்ட, தாளம் மாறிக்கொண்டே செல்லும் படைப்புகளை உருவாக்கிய ராக் வகைக்குத்தான் அந்தப் பெயர். ஐரோப்பியச் செவ்வியல் இசையை ராக்குடன் கலந்ததே அது என்பது பாடநூல் விளக்கம். ஓரளவு சரிதான். ஆனால், அந்த இசையை நகர்த்திய என்ஜின் ஜாஸ்.

விரல் இழந்தவர்கள்

மெட்டலின் பிறப்பிலேயே ஒரு ஜாஸ் இசைத்தட்டு இருக்கிறது. பர்மிங்ஹாமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி, பதினேழு வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர். தந்திகளை அழுத்தும் கை அது. இனி கித்தார் இல்லை என்று முடங்கிக் கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் தன் வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்துபோக, மீதி விரல்களைக் கொண்டே ஐரோப்பிய ஜாஸின் ஒப்பற்ற கித்தார் கலைஞராக உயர்ந்த ரோமானி இனத்தவர் அவர்.

அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அழுத்துவதற்கு எளிதாகத் தந்திகளின் சுருதியையும் தாழ்த்தினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த, இருண்ட ஒலி அப்படி உருவானதுதான். அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்டுக்கு ஆதர்சம் ஜீன் க்ரூபா போன்ற ஸ்விங் கால ஜாஸ் டிரம்ஸ் மேதைகள். 1970இல் வெளிவந்த முதல் தொகுப்பின் காலத்தில் அவர்கள் பதிவுசெய்த 'விக்கெட் வேர்ல்ட்' என்ற பாடலின் தொடக்கத்தைக் கேட்டால், சிம்பலின் மேல் துள்ளும் குச்சி ஒரு ஜாஸ் மன்றத்துக்கு உரியது என்பது எவருக்கும் தெரியும்.

ராக் டிரம்ஸில் நான்கு எண்ணிக்கையின் இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் முரசில் அடி விழும், அதுதான் முதுகெலும்பு. ஜாஸில் அந்தப் பொறுப்பு சிம்பலுக்குப் போய்விடுகிறது. வலக்கை சிம்பலில் காலத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, இடக்கையும் பாதமும் விடுதலை பெற்று, தனி வாசிப்பவரோடு உரையாடத் தொடங்குகின்றன. பாடகரைப் பின்தொடரும் நல்ல மிருதங்கக்காரரைக் கவனித்தவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளின் நடுவில் பிரிட்டனில் ஜாஸ் மன்றங்களில் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. ராக்கில் பணம் இருந்தது. ஜாஸில் கை பழகிய பலர் இப்பக்கம் வந்தார்கள். 1966இல் தொடங்கிய கிரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கரும் ஜாக் புரூஸும் அப்படி வந்தவர்கள்தான். 'ஸ்பூன்ஃபுல்' என்ற ஒரு புளூஸ் பாட்டை அவர்கள் மேடையில் பதினாறு நிமிடங்களுக்கு மேல் நீட்டிய பதிவு 1968இல் வெளியானது. ராக் ரசிகர்கள் மனோதர்மத்தைக் கேட்கப் பழகியது இத்தகைய மேடைகளில்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப்படைத் தாளங்கள் புரோக் ராக்கின் அடையாளம் என்பார்கள். அதற்கு வெகு முன்பே, 1959இல், டேவ் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்' என்ற ஜாஸ் தொகுப்பு ஐந்து எண்ணிக்கையிலும் ஒன்பது எண்ணிக்கையிலும் அமைந்த படைப்புகளோடு பெருவெற்றி பெற்றுவிட்டது. முந்தைய ஆண்டு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் அக்குழு சென்ற நீண்ட சுற்றுப்பயணம் துருக்கி வழியாகச் சென்னை வரை நீண்டது. துருக்கியில் தெருக்கலைஞர்களிடம் கேட்ட ஒன்பது எண்ணிக்கையை வைத்து புரூபெக் இயற்றிய 'புளூ ரோண்டோ' என்ற படைப்பை, கீத் எமர்சனின் நைஸ் குழு தன் ராக் மேடைக்கு எடுத்துக்கொண்டது. எடுத்தபோது ஒன்பதைச் சமன்செய்து நான்காக்கிவிட்டது! புரோக் ராக்கின் முன்னோடிகளில் ஒருவர், ஜாஸ்காரர் போட்ட சிக்கலைத் தன் வசதிக்கு நிமிர்த்திக்கொண்டார். எமர்சன் பெரும் கலைஞர். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், யார் யாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற வரலாற்றில் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாசிக்காமல் இருந்தவர்

1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு வெளியானது. அதன் முதல் பாடலான 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' இந்தக் கட்டுரைக்கு மையமானது. அதன் நடுப்பகுதியில் கித்தாரும் சாக்ஸபோனும் மாறி மாறித் தனித்து எழுகின்றன. மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸ் அவற்றோடு வாதிடுகிறது. அது ஜாஸின் மனப்போக்கு. அதைத் தொடர்ந்து, நான்கு கருவிகளும் ஒரே உடலாகி, வெடித்து, சட்டென்று நின்று, மீண்டும் வெடிக்கும் பகுதி வருகிறது. நூல் பிசகாத ஒற்றுமை. நாற்பது ஆண்டு மெட்டல் வரலாறு இந்த இரண்டாம் பகுதியிலிருந்து கிளைத்தது என்றால் மிகையாகாது. முதல் பகுதிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

ஆரம்பத்தில் அது செழித்தே வளர்ந்தது. கிங் கிரிம்சனின் அடுத்த தொகுப்புகளில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் டிப்பெட் வந்து வாசித்தார். கேன்டர்பரி நகரத்துச் சாஃப்ட் மெஷின் குழு சாக்ஸபோன் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக நான்கே படைப்புகள் கொண்ட இரட்டை இசைத்தட்டை 1970இல் வெளியிட்டது. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் புராம்ஸ் விழாவிலும் அக்குழு வாசித்தது. செவ்வியல் இசைக்கான அந்த மேடையில் ஏறிய முதல் ராக் குழு அதுதான்.

ஆனால், ஜாஸிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வியைத் தன் வாழ்க்கையாலேயே எழுப்பியவர் பில் புரூஃபோர்ட். பிபிசி தொலைக்காட்சியில் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களைப் பார்த்து வளர்ந்தவர். யெஸ் குழுவில் அவர் வாசித்த 'குளோஸ் டு தி எட்ஜ்' தொகுப்பு 1972இல் வெளியானது. அதன் தலைப்புப் படைப்பு மட்டுமே ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம். புரோக் ராக்கின் உச்சங்களுள் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுவது. துண்டு துண்டாக வாசித்து, ஒலிநாடாவில் ஒட்டி, மாதக்கணக்கில் செதுக்கிய படைப்பு அது. அது கடைக்கு வருவதற்கு முன்பே புரூஃபோர்ட் அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். பணமும் புகழும் வாசலில் வந்து நின்ற நேரம். அவர் போய்ச் சேர்ந்த கிங் கிரிம்சனோ அடுத்த மாதம் இருக்குமா என்றே தெரியாத குழு. அங்கே அவருக்கு அருகில் அமர்ந்தவர் ஜேமி மியூர். எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் வாசிக்கும் சுதந்திர இசை வட்டத்திலிருந்து வந்த தாளக் கலைஞர். சில மாதங்களில் மியூர் ஸ்காட்லாந்தின் புத்த மடம் ஒன்றுக்குப் போய்விட்டார். இருவரும் சேர்ந்து இருந்த காலம் குறைவு. ஆனால், மியூரிடம் கற்றதை புரூஃபோர்ட் பின்னாளில் மறக்காமல் நினைவுகூர்ந்து வந்தார்.

1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் அரங்கில் கிங் கிரிம்சன் வாசித்தது. எந்தத் திட்டமும் இன்றி வயலின் மெல்லத் தொடங்கியது. பேஸ் கித்தார் சேர்ந்தது. ராபர்ட் ஃபிரிப் மெலட்ரான் என்ற விசைக்கருவியில் புல்லாங்குழல் ஒலியை எழுப்பினார். புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே பிடித்தபடி, தான் நுழைய வேண்டிய இடம் வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. ஐந்தரை நிமிடம் அவர் வாசிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு 'ட்ரையோ' என்ற பெயரில் அது 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' தொகுப்பில் இடம்பெற்றபோது, இயற்றியவர்களின் பட்டியலில் புரூஃபோர்டின் பெயரையும் சேர்த்தார்கள். வாசிக்காமல் இருக்க அவர் எடுத்த முடிவும் அந்த இசையின் ஒரு பகுதி என்பதே காரணம். அத்தொகுப்பின் பெரும்பகுதி இப்படி மேடையில் பதிவானது. கைத்தட்டல்களை வெட்டிவிட்டதால், அறியாதவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இயற்றியது என்றே எண்ணுவார்கள்.

ஜாஸ் ஒரு வாசிப்பாளரிடம் கேட்பது இதுதான்: அடுத்த நொடி என்ன நிகழும் என்று தெரியாத நிலையில், அருகிலிருப்பவரைக் கேட்டு முடிவெடுப்பது. ஸ்வரக்கூட்டுகளும் ஒற்றைப்படைத் தாளங்களும் அந்த வேலைக்கான கருவிகள்.

யார்க்‌ஷையரிலிருந்து வீணை வரை

கடலுக்கு அப்பால், ஜாஸும் ராக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் பிறந்த ஜான் மெக்லாக்லின், டோனி வில்லியம்ஸ் என்ற இளம் டிரம்ஸ் மேதையின் குழுவில் சேர 1969 தொடக்கத்தில் நியூயார்க் வந்தார். வந்து இறங்கிய சில நாள்களிலேயே மைல்ஸ் டேவிஸ் அவரை ஒலிப்பதிவுக்கு அழைத்துவிட்டார். அந்த ஆகஸ்டில், உட்ஸ்டாக் ராக் திருவிழா முடிந்த மறுநாள் தொடங்கி மூன்று நாள்கள் நிகழ்ந்த பதிவுதான் 'பிட்சஸ் புரூ'. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மெக்லாக்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ராக் அரங்குகளின் ஒலியளவில், பதினெட்டு எண்ணிக்கைத் தாளங்களில், மனோதர்மத்தை முன்வைத்து வாசித்தது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த பில்லி காபமின் வேகமும் வலிமையும் பின்னாளைய மெட்டல் டிரம்ஸ் கலைஞர்கள் பலருக்குப் பாடம்.

தமிழ் வாசகர்களுக்கு இதன் தொடர்ச்சி தெரிந்திருக்கும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை பயின்றார். 1975இல் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவைத் தொடங்கினார். மின்கித்தாரையும் டிரம்ஸையும் ஒதுக்கிவிட்டு கடத்தோடும் தபலாவோடும் உட்கார்ந்தார். அதற்கு அவருடைய பழைய ராக் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள் என்பது வேறு கதை.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'பிட்சஸ் புரூ' வாசிக்கப்பட்டபடியே வெளிவந்தது அன்று. தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவைக் கத்தரித்து, இடம் மாற்றி, சில துண்டுகளைத் திரும்ப ஒட்டித்தான் அந்தப் படைப்புகளுக்கு இறுதி வடிவம் கொடுத்தார். யெஸ் குழு செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று என் மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. மசேரோ வெட்டி ஒட்டிய துண்டுகளுக்குள் கலைஞர்கள் ஒருவரையொருவர் துழாவிக் கண்டறிவது பதிவாகியிருக்கிறது என்றேன். அவன் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

128 என்ற கணக்கு

எழுபதுகளின் இந்த இசை எண்பதுகளின் மெட்டலுக்குச் சென்று சேர்ந்ததில் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்துக்கு நிகரான பங்கு வேறெவருக்கும் இல்லை என்பது என் கணிப்பு. இவரும் யார்க்‌ஷையர்க்காரர். சாக்ஸபோன் வாசிக்க ஆசைப்பட்டுக் கித்தாரில் வந்து நின்றவர். அதனால், தந்தியை மீட்டும் ஒலியே கேட்காதபடி, ஊதுகருவியின் மூச்சைப் போல ஸ்வரங்களை வழியவிடும் ஒரு முறையைக் கண்டார். சாஃப்ட் மெஷின், டோனி வில்லியம்ஸின் குழு, புரூஃபோர்டின் குழு என இந்தக் கட்டுரையில் வந்த பாதி இடங்களில் அவர் வாசித்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பணமுடையிலேயே இருந்து 2017இல் மறைந்தார். எடி வான் ஹேலன் தொடங்கி மெட்டல் கித்தார் கலைஞர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அப்படிக் கொண்டாடியவர்களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து இளைஞர்கள் சிலரும் உண்டு. டெத் மெட்டல் என்ற, மெட்டலிலேயே மிகக் கடுமையான வகை வளர்ந்த மண் அது. டெத் குழுவின் 'ஹியூமன்' என்ற தொகுப்பில் 1991இல் வாசித்த பால் மாஸ்விடாலும் ஷான் ரைனெர்ட்டும் மயாமியில் தங்கள் சினிக் குழுவை நடத்திவந்தார்கள். 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்ததில் அவர்களுடைய ஒலிப்பதிவு தள்ளிப்போனது. மறு ஆண்டு 'ஃபோகஸ்' வெளியானது. உறுமலுக்கு இடையே இயந்திரத்தால் மாற்றிய மென்குரல், ஜாஸ் ஸ்வரக்கூட்டுகள், வழுக்கிச் செல்லும் பேஸ். டெத் மெட்டல் ரசிகர்கள் கூடிய அரங்குகளில் இதை வாசித்தபோது கூச்சலும் ஏளனமும் எழுந்தன. 1994இல் குழு கலைந்தது. என் மருமகன் எனக்குப் போட்டுக்காட்டிய அந்த மென்மையான அரை நிமிடத்தின் மூதாதை இந்தத் தொகுப்புதான். இன்று அதைப் போற்றாத புரோகிரஸிவ் மெட்டல் கலைஞர் அரிது.

மற்றொரு வழி கல்லூரி வழி. டிரீம் தியேட்டர் குழுவின் மூவர் சந்தித்தது, ஜாஸ் கற்பித்தலுக்குப் பெயர்பெற்ற பாஸ்டன் நகரத்துப் பெர்க்லீ இசைக் கல்லூரியில், 1985இல். மூவரும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள்தான். ஆயினும் இது ஒரு மாற்றத்தைக் காட்டுகிறது. புகை மண்டிய மன்றத்தில் மூத்தவர்களிடம் திட்டு வாங்கிக் கற்ற ஜாஸ், இப்போது பாடத்திட்டமாகிவிட்டது. பாடத்திட்டத்தில் ஸ்வர வரிசைகளையும் தாளப் பிரிவுகளையும் எளிதாக அடக்கிவிடலாம், தேர்வும் வைக்கலாம். புரூஃபோர்ட் ஆம்ஸ்டர்டாமில் குச்சியைத் தாழ்த்தியதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் கொடுப்பது?

மூன்றாவதாக ஸ்வீடனின் மெஷுகா. இவர்களுடைய கித்தார் கலைஞர் ஃபிரெட்ரிக் தோர்டெண்டாலின் தனிவாசிப்பில் ஹோல்ட்ஸ்வொர்த்தின் நிழல் அப்பட்டமாகத் தெரியும். ஆனால், அக்குழுவின் பெருமை தாளத்தில். 1998இல் வெளிவந்த ஒரு பாடலில், தோமஸ் ஹாகேயின் கை சிம்பலில் நான்கு நான்காக எண்ணிக்கொண்டே போகிறது. பாதமும் கித்தாரும் இருபத்து மூன்று நுண்மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை ஐந்து முறை அடிக்கின்றன. ஆக, 115. மீதமுள்ள 13 மாத்திரைக்கு அதே சொற்கட்டை வெட்டிப் பொருத்துகிறார்கள். மொத்தம் 128, எட்டு வட்டங்கள் நிறைந்து எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்கள். நம் ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனக் கணக்கு. இதை முதன்முதலில் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்த அன்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன். (கோர்வை கட்டுகிறவர் இப்படிக் கடைசியில் கத்தரி போடுவதைக் கைக்குறையாகவே கருதுவார். அந்த முரட்டு வெட்டுதான் மெஷுகாவின் அழகு என்று மருமகன் வாதிடுகிறான்; எனக்கும் அப்படித் தோன்றத் தொடங்கிவிட்டது.)

ஜாஸ் படைப்பின் பழைய வடிவம் எளிமையானது. கருப்பொருளை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதன்மேல் மனோதர்மம் செய்வார்கள். இறுதியில் கருப்பொருளுக்குத் திரும்புவார்கள். புரோகிரஸிவ் மெட்டல் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஜாஸ் கனவிலும் காணாத அளவுக்குச் சிக்கலாக்கியது. நடுவிலுள்ளதை விட்டுவிட்டது. கித்தாரின் தனிவாசிப்பு இருக்கிறது. ஆனால், தொகுப்பில் உள்ளபடியே ஒவ்வொரு மேடையிலும் வரும். நிரவலும் கற்பனைஸ்வரமும் இல்லாமல் கீர்த்தனைகளை மட்டுமே அடுக்கிய கச்சேரியை எண்ணிப் பாருங்கள். கீர்த்தனைகள் மிக உயர்ந்தவை, பாடுகிறவர்கள் அப்பழுக்கற்றவர்கள்.

இதற்குக் கலைஞர்களின் அச்சம் காரணமன்று. நிமிடத்துக்கு இருநூறு அடி வேகத்தில் இரு பாதங்களும் இரண்டு கித்தார்களும் ஒரே ஸ்வரத்தில் பூட்டிக்கொண்டு ஓடும்போது, ஒருவர் சற்றே விலகினாலும் அது பிழையாகத்தான் ஒலிக்கும். கணினியில் பதிவுசெய்யும் முறை வந்தபின் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் நகர்த்திச் சீராக்கலாம். அப்படிச் சீராக்கிய தொகுப்பைக் கேட்டுவிட்டு வரும் ரசிகர் மேடையிலும் அதையே எதிர்பார்க்கிறார். மேடையில் வாசிப்பவரின் காதில் 'கிளிக்' என்ற காலக்கணக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. முன்பதிவான ஒலிகளும் விளக்குகளும் அதனோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு வட்டம் கூடுதலாக வாசிக்க எவருக்காவது தோன்றினால், விளக்கு காத்திருக்காது.

ஜாஸ் தரப்பும் இந்த உறவில் பெருந்தன்மை காட்டியதில்லை. எண்பதுகளில் விண்டன் மார்சாலிஸைச் சுற்றி எழுந்த மரபுவாதம், ராக்கோடு கலந்த எதையும் ஜாஸ் வரலாற்றிலிருந்து தள்ளிவைக்கப் பார்த்தது. ஆனாலும் ஜாஸ் பக்கமிருந்து மெட்டலை நோக்கி நடந்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஜோர்ன், நேக்கட் சிட்டி குழுவில் மெட்டலின் வன்முறையை ஜாஸ் கலைஞர்களைக் கொண்டே நிகழ்த்தினார். அடுத்து பெயின்கில்லர் குழுவில், நேபாம் டெத் என்ற அதிவேக மெட்டல் குழுவின் டிரம்ஸ் கலைஞரோடு சேர்ந்து எழுதாத இசையை வாசித்தார். நார்வேயின் ஷைனிங் குழு மின்கருவிகள் இல்லாத ஜாஸ் நால்வராகத் தொடங்கி, 2010இல் 'பிளாக்ஜாஸ்' என்ற பெயரிலேயே மெட்டல் தொகுப்பை வெளியிட்டது. அதன் இறுதிப் பாடலாக அவர்கள் எடுத்துக்கொண்டது, 1969இல் கிங் கிரிம்சன் தொடங்கிவைத்த அந்த 'ஸ்கிட்ஸாய்ட் மேன்'. இவையெல்லாம் சிறு கூட்டத்தின் இசைதான். ஆயினும், மெட்டலின் ஒலியளவும் ஜாஸின் நிச்சயமின்மையும் ஒரே அறையில் இருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

புரூஃபோர்ட் 1986இல் எர்த்வொர்க்ஸ் என்ற ஜாஸ் குழுவைத் தொடங்கினார். 2009இல் மேடையைத் துறந்தார். 2016இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் டிரம்ஸ் கலைஞர்களின் படைப்பாற்றல் பற்றி ஆய்வுசெய்து முனைவர் பட்டம் பெற்றார். அண்மைக் காலத்தில், எழுபது வயதைக் கடந்த பின், கித்தார் கலைஞர் பீட் ராத்தின் மூவர் குழுவில் சிறு அரங்குகளில் மீண்டும் வாசிக்கிறார். மனோதர்மம்தான்.

மருமகனுக்கு 'ட்ரையோ'வைப் போட்டுக்காட்டினேன். மூன்றாம் நிமிடத்தில், "டிரம்ஸ் எப்ப மாமா வரும்?" என்றான். வராது என்றேன். முழுவதும் கேட்டான், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர்களுடைய ஒத்திகைக்குப் போயிருந்தேன். பதினொரு நிமிடப் படைப்பு ஒன்றைக் காதில் கிளிக்கோடு பிழையின்றி வாசித்தார்கள். நான் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் மற்றவர்களிடம் ஏதோ சொல்ல, நடுப்பகுதியில் கிளிக்கை நிறுத்திவிட்டு, பேஸ் வாசிக்கும் பையன் கை காட்டும்வரை போவது என்று முடிவுசெய்தார்கள். முதல் முறை அரை நிமிடத்தில் சிதறிப்போனது. இரண்டாம் முறை டிரம்ஸ் வாசிக்கும் பையன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்விட்டான். மூன்றாம் முறை ஏறக்குறைய நான்கு நிமிடம் போனது. அது நன்றாக இருந்ததா என்பதில் அவர்கள் நால்வருக்குள்ளும் கருத்து ஒப்பவில்லை. நான் கிளம்பி வரும்போதும் அதைப் பற்றித்தான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.